பிறந்த ஊர்த் தண்ணீர்

மகப்பேறு வார்டுக்கு வெளியே இருந்த சிமெண்டு பெஞ்சில் என் சித்தப்பா மகள் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. அதன் வாயை ஈரத்துணியால் சுற்றி இறுகக் கட்டியிருந்தாள். மழையில் நனைந்தபடியே பேருந்து ஏறி வந்திருந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமல், கேனின் அடியில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்கக்கா. புள்ளைக்கு நாக்கு வறண்டுபோய்க் கெடக்கு. இங்கிட்டுத் தண்ணி அதுக்குச் சேரல. நம்ம ஊருணித் தண்ணி ரெண்டு மொடக்கு உள்ள போச்சுன்னா கண்ணு முழிச்சிரும்" என்றாள்.

உள்ளே அவளுடைய ஒரே மகள் சுகந்தி, எட்டு மாதக் கர்ப்பிணி, கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தாள். பெயர் சொல்லி அழைத்தால் சற்றுத் தாமதித்துத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குச் சிறிது நேரம் முன்புதான் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கான விடை, துணி சுற்றிக் கட்டியபடி, பாக்கியத்தின் மடியில் இருந்தது.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் வாசகர்கள் அறிவார்கள், குடும்பத்துக்குள் நடந்ததைப் பொதுவில் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. வருவாய்த் துறையில் பணியில் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெறும்வரை என் வீட்டுச் செய்தி எதுவும் அலுவலகத்துக்குப் போனதில்லை. சென்ற வாரம் என் கல்லூரி விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதியதற்கே, "அவ்வளவும் சொல்ல வேண்டுமா?" என்று என் தங்கை ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். ஆயினும் இதை எழுதுகிறேன். பாக்கியமும் சுகந்தியும் எழுதச் சொன்னார்கள். அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

செருப்பைக் கழற்றும் இடம்

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே, முந்திரிக் காடுகளுக்கும் தைலமரக் காடுகளுக்கும் நடுவே இருக்கிறது. ஆறு கிடையாது. வானம் பெய்தால் நீர், இல்லாவிட்டால் இல்லை. அதனால் குளிப்பதற்கு ஒரு குளம், மாடுகளுக்கு ஒரு குட்டை, குடிப்பதற்கு மட்டும் ஓர் ஊருணி என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

ஊருணியின் கரையில் ஒரு புளியமரம் உண்டு. அதற்கு இப்பால்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். படியில் நின்று குடத்தை மட்டுமே நீரில் வைக்கலாம், காலை வைக்கக் கூடாது. முகம் கழுவுவது, கை அலம்புவது, குடத்தைத் தேய்ப்பது எதுவும் ஆகாது. ஆடு மாடு தப்பி வந்துவிட்டால் உடையவன் ஊருக்கு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்த ஊருணியை ஆழப்படுத்திக் கருங்கல் படிக்கட்டு அமைத்தவர் என் தந்தை. மேற்குக் கரையில் அவர் பெயர் பொறித்த கல் இன்றும் நிற்கிறது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். அதே சமயம் ஊரிலுள்ள அனைவரும் அதில் நீர் எடுக்க முடியாத காலம் ஒன்று இருந்தது என்பதையும், அது மாறியபோது என் தந்தை முழுமனத்தோடு இசைந்தார் என்று எழுதினால் பொய்யாகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மாறிய பிறகு எல்லோரும் ஒரே படியில் இறங்கி, எல்லோருமே அந்த விதிகளைக் காத்தார்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாட்களில் கோட்ட அதிகாரி ஒருவர் ஊருணியைப் பார்வையிட வந்தார். பளபளக்கும் பூட்ஸ் காலோடு புளியமரத்தைத் தாண்டிவிட்டார். இடுப்பில் குடத்தோடு எதிரே வந்த ஒரு பெண் வழியை மறித்து நின்றாள்.

"ஐயா, அதக் கழட்டிட்டு வாங்க."

"நான் ஆபீசரம்மா."

"இருக்கட்டுமுங்க. ஆபீசர் காலும் காலுதானே?"

உடன் வந்தவர்கள் நடுங்கிவிட்டார்கள். அதிகாரி சிரித்துவிட்டுப் பூட்ஸைக் கழற்றினார். அவர் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "கழட்டச் சொன்னது என் தப்புதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் தந்தை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பிற்பாடு நான் அரசுப் பணிக்குப் போனபோது, ஓர் ஊரை மதிப்பது அதன் நீர்க்கரையில் தொடங்குகிறது என்ற எண்ணம் எனக்குள் ஊறியிருந்தது.

இத்தனையையும் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் அந்த நீரைச் சந்தேகிப்பது என்பது, அதைக் காத்து நின்ற ஒவ்வொருவரையும் சந்தேகிப்பதாகும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்குள் வந்த பிறகும், பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் அந்த நீரை வைத்துக்கொண்டு, குடிப்பதற்கு ஊருணிக்கே போனார்கள். குழாய் நீரில் மருந்து வாடை அடிக்கிறதாம்.

வயிற்றில் நிற்கும் தண்ணீர்

சுகந்தியை விராலிமலையில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை நெடுஞ்சாலையோரம் டயர்க் கடை வைத்திருக்கிறார். நல்ல பையன். அவருடைய தாயார் ராஜம்மாள் வாய் கொஞ்சம் நீளம், மனம் சுத்தம்.

சுகந்திக்கு மசக்கை கடுமையாக இருந்தது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பார்க்கப் போன பாக்கியம் வழிக்கென்று ஒரு பாட்டிலில் ஊருணித் தண்ணீர் எடுத்துப் போயிருந்தாள். அதைக் குடித்த சுகந்திக்கு அன்று முழுவதும் வாந்தி வரவில்லை. அவ்வளவுதான். பாக்கியத்துக்கு அது தெய்வ வாக்காகிவிட்டது.

பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிறந்த ஊர்த் தண்ணீர் சேரும், புகுந்த ஊர்த் தண்ணீர் பழகுவதற்கு நாளாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்காக யாரும் பேருந்தில் கேன் சுமப்பதில்லை. பாக்கியம் சுமந்தாள். வாரம் தவறாமல் இரண்டு கேன். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, இன்னொரு பேருந்து மாறி, விராலிமலைக்கு.

ஒரு நாள் அவளோடு நானும் போனேன். நடத்துநர் அவளுக்குப் பழக்கமாகியிருந்தார்.

"என்னம்மா, இன்னைக்கும் தீர்த்தமா? ஒரு சொட்டுத் தெளிச்சு விடுங்க, வண்டி மக்கர் பண்ணாம ஓடட்டும்."

"ஒன் வண்டிக்குத் தெளிக்க எங்கிட்டத் தண்ணி இல்லப்பா, எம்மவளுக்கே பத்தல."

விராலிமலை வீட்டில் கேனைக் கண்டதும் ராஜம்மாள் முகம் சுருங்கியது.

"ஏன் சம்பந்தி, எங்க வீட்டுத் தண்ணி என்ன வெசமா? கடைக்காரன் மெசின்ல சுத்தம் பண்ணிக் கொண்டாந்து போடுறான். நாங்க அத்தன பேரும் அதைத்தான் குடிக்கிறோம்."

"சுத்தமாத்தான் இருக்கும் சம்பந்தி, யாரு இல்லைன்னா? ஆனா அதுல உசுரு இல்லையே."

"உசுரு இல்லாம இருக்குறதுதான் நல்லது. தண்ணியில உசுரு இருந்தா அதுக்குப் பேரு புழு!"

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். சுகந்தி உள்ளேயிருந்து ஒரு தம்ளரோடு வந்து, தாயின் கேனிலிருந்து வார்த்துக் குடித்தாள். குடித்து முடித்துக் கண்ணை மூடி, "பெரியம்மா, இதுல நம்ம புளியமரத்து நெழலு வாசம் வருது" என்றாள். பாக்கியத்தின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவர் கேட்ட கேள்வி

ஆவணியில் நல்ல மழை. புரட்டாசி முடியும்போது சுகந்திக்குப் பசி குறைந்தது, உடம்பு வலித்தது. கர்ப்பத்தில் இதெல்லாம் உண்டென்று இருந்தார்கள். ஐப்பசியில் ஒரு காலை ராஜம்மாள்தான் மருமகளின் கண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மகனைக் கூவி அழைத்தாராம். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எலை தழையில வெளையாட மாட்டேன்" என்று சொல்லி, வாடகைக் காரில் ஏற்றிப் புதுக்கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. அந்த அம்மாளைப் பற்றி நான் இனி ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன்.

நான் இருப்பது புதுக்கோட்டை நகரில். செய்தி கேட்டதும் போனேன். மருத்துவர் இளம்பெண். நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நடைபாதையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"வீட்ல வேற யாருக்காவது மஞ்சக்காமாலை இருக்காம்மா?"

"இல்லை."

"அப்ப இவங்க மட்டும் தனியா எங்கயாவது தண்ணி குடிச்சாங்களா? வெளியில, விசேஷ வீட்ல, அந்த மாதிரி? ஒரு மாசம், ஒன்றரை மாசம் முன்னாடிகூட இருக்கலாம். இது இன்னைக்குக் குடிச்சு நாளைக்கு வர்ற வியாதி இல்ல."

இது எப்படிப்பட்ட நோய் என்று திருப்பிக் கேட்டேன். பதில் தெரியாமல் அல்ல.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மலம் கலந்த நீர் வழியாகப் பரவும் காமாலை இது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரம் படுக்கவைத்துவிட்டு விலகிவிடும். சிலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் நிறைமாதத்தை நெருங்கும் பெண்களுக்கு ஈரல் திடீரென்று கைவிடும் அபாயம் உண்டு. தாய், சேய் இருவரையும் இழந்த வீடுகளைத் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"தாயார் வீட்டு ஊருணித் தண்ணீர் மட்டுமே குடித்துவந்தாள்" என்றேன்.

"காய்ச்சியா?"

"இல்லை. அப்படியே."

"அந்தத் தண்ணி இனிமே இவங்க கிட்ட வரவே கூடாதும்மா. அந்த ஊருக்கும் உடனே சொல்லணும். அங்கயும் கர்ப்பிணிங்க இருப்பாங்கள்ல?"

நான் திரும்பி வந்தபோதுதான் பாக்கியம் பெஞ்சில் கேனோடு உட்கார்ந்திருந்தாள்.

பணியில் நான் எத்தனையோ குடும்பங்களிடம் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். நிலம் போனதைச் சொல்லியிருக்கிறேன், வெள்ளத்தில் ஆள் போனதைச் சொல்லியிருக்கிறேன். நீ பெற்ற பிள்ளைக்கு நீ ஊட்டிய நீர்தான் இதைச் செய்தது என்று ஒரு தாயிடம் சொல்லும் வாக்கியம் மட்டும் எனக்கு அமையவில்லை. உள்ளே சுகந்தியின் நிலை என்னவாகும் என்று யாருக்கும் தெரியாத வேளை. ஒருவேளை அவள் பிழைக்காமல் போனால், அந்த வாக்கியத்தோடு பாக்கியம் எப்படி உயிர் வாழ்வாள்?

"இந்தத் தண்ணீரை உள்ளே கொண்டுபோகக் கூடாது" என்றேன்.

"ஏங்க்கா?"

"மருத்துவமனை விதி. வெளித் தண்ணீருக்கு அனுமதி இல்லை."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாங்களா? எம்புட்டுப் பெரிய உத்தியோகம் பாத்தவுங்க நீங்க."

"விதி எல்லோருக்கும் பொது, பாக்கியம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள் என்றே நினைவு. பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கட்டிடத்தின் ஓரம் கழிவுநீர் போகும் பள்ளத்தில் அதைக் கவிழ்த்தாள். செடிக்குக்கூட ஊற்றவில்லை. பிறகு குழாயடிக்குப் போய், யாரிடமோ சோப்புக் கேட்டு வாங்கி, முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டுத்தான் மகளிடம் போனாள்.

தைலமரக் காட்டுக்குள்

ஊருக்குச் சுகாதார ஆய்வாளரோடு நான் போனேன். அவர் ஊருணி நீரைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி போல் இருந்தது. "பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு மேடம். இதுல தெரியாது" என்றார்.

ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை ஒட்டி மேற்கே நடந்தோம். முந்திரித் தோப்பைத் தாண்டித் தைலமரக் காட்டுக்குள் நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மரங்களின் நடுவே கறுத்துக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சேறு. அதில் பிளாஸ்டிக் உறைகளும் கந்தல் துணிகளும் ஒட்டிக் கிடந்தன. கனத்த வண்டியின் டயர்த் தடம், சாலையிலிருந்து வந்து திரும்பிப் போயிருந்தது. புது மழை அந்தச் சேற்றில் ஓடைகளைக் கீறி, எல்லாவற்றையும் வாய்க்காலுக்கு வழித்து விட்டிருந்தது.

காய்ந்த கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். எங்கள் ஊர்க்காரிதான்.

"டேங்கர் வண்டிங்கம்மா. கொழாயத் தொறந்து விட்டுட்டுப் போயிருவாங்க."

"கழிப்பறைத் தொட்டியை உறிஞ்சும் வண்டியா?"

"ஆமாங்க, செப்டிக் டேங்கு வண்டி. மண்டபம், லாட்ஜுலேர்ந்து எடுத்தாரது. மரத்துக்கு எருவா ஊத்துறாங்கன்னுதான் நாங்க நெனச்சோம். நல்லா வளரட்டும்னு விட்டுட்டோம்."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"ஊருணியில யாராச்சும் காலு வச்சாச் சொல்லுவோம்மா. இது அங்கிட்டு, காட்டுக்குள்ள கெடக்கு. இத எதுக்குச் சொல்லணும்?"

அவளைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். முடியவில்லை. ஊர் முழுவதும் அப்படித்தான் நினைத்திருந்தது. காவல் முழுவதையும் படிக்கட்டில் நிறுத்திவிட்டு, வாய்க்காலின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒருவரும் போகவில்லை. செருப்பில்லாத சுத்தமான கால்களோடு இறங்கி, தேய்த்து மினுக்கிய குடங்களில், யாரோ முகமறியாதவர்களின் கழிவு கரைந்த நீரை மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சுகாதாரத் துறையினர் வீடு வீடாகப் போனார்கள். பித்தம் என்றும், வேலை அசதி என்றும் சொல்லிக்கொண்டு படுத்துக் கிடந்தவர்கள் பல வீடுகளில் இருந்தார்கள். மேலத் தெருவில் செல்லம்மாள் என்பவரின் மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. நல்லவேளையாக அவளுக்கு அதுவரை எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் போனபோது அவள் வீட்டு முற்றத்தில் ஊருணிக் குடம் நிறைந்திருந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொன்னோம். "காச்சுனா ருசி போயிருமுங்களே" என்று செல்லம்மாள் சிரித்தார்.

மந்தையில் நடந்த கூட்டம்

என் பணிக்காலத்தில் வாந்திபேதி கண்ட கிராமங்களுக்கு முகாம் போயிருக்கிறேன். ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எந்த ஊரும் தன் நீரைச் சொல்லாது. அடுத்த ஊர்த் திருவிழாவில் குடித்தது, சந்தையில் குடித்தது என்றே சொல்லும். என் ஊரும் அதையே சொல்லும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் சுகந்திக்குக் குறைப்பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சுகந்தி பிரசவத்துக்குப் பின் நினைவு தப்பிக் கிடந்தாள். பாக்கியமும் ராஜம்மாளும் முறை வைத்துக்கொள்ளாமல் இருவருமே விழித்திருந்தார்கள். ஊர்க்கூட்டம் நடந்த அன்று காலையில்தான் மருத்துவர், "இனி பயமில்லை, ரெண்டு பேரும் தேறிருவாங்க" என்றார். பாக்கியம் அதைக் கேட்டுவிட்டு என்னோடு புறப்பட்டு வந்தாள். ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, "ஒரு எட்டு வீட்டப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஊருணி நீரில் மலக்கிருமி கலந்திருப்பதாக வந்த பரிசோதனை முடிவைப் படித்துச் சொன்னேன். ஊருணி நீரை நிறுத்த வேண்டும், குழாய் நீரையே குடிக்க வேண்டும், அதையும் காய்ச்ச வேண்டும் என்றேன். ஊராட்சியில் பொறுப்பிலிருக்கும் சிதம்பரம் எனக்கு மருமகன் முறை. அவர் எழுந்தார்.

"அத்தை, நீங்களே இப்புடிச் சொல்லலாமா? ஒங்க அப்பா பேரு கல்லுல நிக்குது. நாளைக்குப் பேப்பர்ல போடுவான், இந்த ஊருல பீத்தண்ணி குடிக்கிறாங்கன்னு. அப்புறம் இந்த ஊருக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"பேப்பரில் போடுவதற்காக நான் சொல்லவில்லை. ஒரு பெண் சாகக் கிடந்தாள், சிதம்பரம்."

"அந்தப் புள்ள இருந்தது வெராலிமலையில. ரோட்டோரம். லாரிக்காரன், ஓட்டல்காரன்னு ஊரு ஒலகமே வந்து போற எடம். அங்க என்ன தண்ணியக் குடிச்சிச்சோ! மாமியா வீட்டுல குடிச்சுட்டு வந்த நோவுக்கு நம்ம ஊருணி மேல பழியா?"

"அதானே!" என்று பல குரல்கள்.

"அந்த ராசம்மாவுக்குச் சுத்தமெல்லாம் வாயில மட்டும்தான்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

எனக்கு மறுமொழி இருந்தது. ஒரே வாக்கியம். அந்தப் பெண் மாமியார் வீட்டு நீரைத் தொடவில்லை என்ற வாக்கியம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு யார் கொடுத்தது என்பதாக இருக்கும். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சற்றுத் தள்ளிச் செல்லம்மாளின் மருமகள், வயிற்றின் மேல் கையை வைத்தபடி. ஒருத்தியைக் காக்க இன்னொருத்தியை விட முடியாது. சொல்லத்தான் வேண்டும் என்று கையிலிருந்த தாளை மடித்தேன்.

நான் வாயைத் திறக்குமுன் பாக்கியம் எழுந்துவிட்டாள்.

"சம்பந்தியம்மாளப் பத்தி யாரும் ஒரு சொல்லுச் சொல்லப்படாது" என்றாள். அவள் குரல் கூட்டத்தில் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. மற்றவர்களுக்கும் இல்லை. சிரிப்பு நின்றது.

"அவுங்க வீட்டுத் தண்ணிய எம்மவ ஒரு வாயி குடிச்சதில்ல. நான் குடிக்க விடல. இந்த ஊருணியில மொண்டு, மடியில வச்சுக் கொண்டுபோயி, எதுத்தாப்புல நின்னு குடிக்க வச்சிட்டு வந்தவ நானு. அந்தம்மா வேணாம்னாங்க. நாந்தான் கேக்கல. அந்த வீட்டுல அத்தன பேரும் நல்லாருக்காங்க. எம்மவ ஒருத்தி படுத்தா. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு வேணும் ஒங்களுக்கு?"

"பாக்கியம், நீ என்ன தெரிஞ்சா..." என்று சிதம்பரம் தொடங்கினார்.

"தெரியாமத்தான் குடுத்தேன். நீங்க தெரிஞ்சு குடுக்காதீங்க." செல்லம்மாள் பக்கம் திரும்பினாள். "அத்தாச்சி, ஒங்க மருமக வயித்துல இருக்கு. ருசி போயிரும்னு சொன்னீங்களாமே. போகட்டும். எம்பேத்தி கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடக்கா. ஒரு நாளைக்கு வந்து பாத்துட்டுப் போங்க. அப்புறம் ருசியப் பத்திப் பேசுவோம்."

உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லம்மாள் எழுந்து வந்து அவளருகே உட்கார்ந்தார். மருமகளும் வந்தாள். வேறு பெண்கள் சிலரும் நகர்ந்து வந்தார்கள். சிதம்பரம் தலையைச் சொறிந்துகொண்டு, "கவுறு யாரு வீட்டுல இருக்கு? படிய அடைப்போம்" என்றார்.

அன்று மாலையே படிக்கட்டில் கயிறு கட்டினார்கள். தைலமரக் காட்டுக்குள் வண்டி திரும்பும் இடத்தில் பள்ளம் வெட்டினார்கள். வண்டிக்காரர்கள் மீது முறையாகப் புகார் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். அந்தப் புகாரின் பின்னால் எத்தனை முறை நடந்தேன் என்பது வேறு கதை. ஊருணி இப்போது தூர்வாரப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த நீரை யாரும் குடிப்பதில்லை. சுகந்தியின் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். ராஜம்மாளைப் போலவே வாய் நீளம்.

பேருந்துக்குப் போகும் வழியில்

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குத் திரும்பப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். களிமண் பாதை. மழை விட்டுத் தூவானம் மட்டும் இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? வெளித் தண்ணி கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே. அப்படி விதியே கெடையாதுல்ல?"

"கிடையாது."

"தெரியும். பக்கத்துக் கட்டில்காரிக்கு அவ புருசன் வீட்டுலேர்ந்து தண்ணி கொண்டாந்து குடுத்துக்கிட்டுத்தானே இருந்தான். நீங்க சொல்றப்பவே ஒங்க மூஞ்சியில தெரிஞ்சு போச்சு."

"தெரிந்தும் ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கேட்டா நீங்க சொல்லணும்ல. பெரியப்பா வெட்டுன ஊருணி. அது கெட்டுப்போச்சுன்னு ஒங்க வாயாலேயே சொல்ல வைக்கணுமான்னு இருந்துச்சு. தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன். அதான் பேசாம இருந்துட்டேன்."

மகள் உயிருக்குப் போராடிய அந்த நாட்களில், நெஞ்சில் அத்தனை பாரத்தையும் வைத்துக்கொண்டு, அவள் என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைக் காத்துவருவதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாதை சறுக்கியது. அவள் என் கையைப் பிடித்தாள். வயதைக் காரணம் காட்டி யாரும் என் கையைப் பிடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. என் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அன்று நிறுத்தம் வந்த பிறகும், பேருந்து வந்து நின்ற பிறகும், அவள் கையை விடவில்லை. நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.